மாடு ஏன் தீனியை நிறுத்துகிறது? வேகஸ் நரம்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

மாட்டின் இடது பக்கத்தில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அங்கே முஷ்டியை மடக்கி நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு 2 நிமிடம் காத்திருந்தால், உள்ளிருந்து ஏதோ கையைத் தள்ளிவிட்டுத் தணிவது தெரியும். நலமாக உள்ள மாட்டில் இந்த 2 நிமிடத்துக்குள் 2 அல்லது 3 முறை அப்படித் தள்ளும். மாட்டின் நான்கு வயிறுகளில் மிகப் பெரியதான பெருவயிறு சுருங்கும் அசைவு அது. தீனி எடுக்காத மாட்டைப் பார்க்க வரும் கால்நடை மருத்துவர் முதலில் கை வைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இந்த அசைவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இதயத்தை உடலிலிருந்து வெளியே எடுத்து வைத்தாலும் கொஞ்ச நேரம் துடிக்கும். குடல் துண்டு ஒன்றை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் போட்டு ஆக்சிஜன் கொடுத்தால் அதுவும் நெளியும். அதன் சுவருக்குள்ளேயே சொந்தமாக ஒரு நரம்பு வலை இருக்கிறது. மாட்டின் பெருவயிற்றுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. ஒவ்வொரு முறையான சுருக்கத்துக்கும் மூளையின் அடிப்பகுதியிலிருந்து ஆணை வந்தாக வேண்டும். அந்த ஆணை வரும் வழிதான் வேகஸ் நரம்பு. இரு பக்க வேகஸையும் வெட்டிவிட்டால் பெருவயிற்றின் முறையான அசைவு நின்றுபோகும். ஆகவே வேகஸைப் பற்றிப் படிக்க விரும்புகிறவருக்கு எலியையும் நாயையும் விட மாடு நல்ல பாடப்புத்தகம். ஆய்வுகளில் பெரும்பகுதி எலியிலும் நாயிலும் நடந்திருப்பதால் அவற்றையும் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

நரம்பு போகும் பாதை

மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. 10வது ஜோடி வேகஸ். மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பிறந்து, மண்டையோட்டின் அடியில் உள்ள துளை வழியாக வெளியே வந்து, தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியை ஒட்டிக் கழுத்தில் இறங்கும். மார்புக்குள் நுழைந்ததும் குரல்வளை, இதயம், நுரையீரல் ஆகியவற்றுக்குக் கிளைகளைக் கொடுத்துவிட்டு உணவுக்குழாயைப் பற்றிக்கொள்ளும். அங்கே இடது, வலது என்ற பிரிவு கலைந்துவிடுகிறது. இரு பக்க நரம்புகளும் பிரிந்து மறுபடி சேர்ந்து, உணவுக்குழாயின் முதுகுப் பக்கமாக ஒரு தண்டு, வயிற்றுப் பக்கமாக ஒரு தண்டு என்று உதரவிதானத்தைத் தாண்டுகின்றன.

மாட்டில் முதுகுப் பக்கத் தண்டு பெரும்பாலும் பெருவயிற்றுக்குப் போகும். வயிற்றுப் பக்கத் தண்டு அதற்கு முன்னால் உள்ள தேன்கூட்டு வயிறு, ஏடு ஏடாக மடிந்திருக்கும் மூன்றாம் வயிறு, அமிலம் சுரக்கும் நான்காம் வயிறு, கல்லீரல், சிறுகுடலின் தொடக்கம் ஆகியவற்றுக்குக் கிளை விடும். பெருங்குடலின் முற்பகுதி வரை வேகஸின் எல்லை. அதற்குப் பின்னால் உள்ள பகுதியை இடுப்பு நரம்புகள் கவனித்துக்கொள்கின்றன.

இந்தப் பாதையைத் தெரிந்துவைத்திருப்பது வெறும் ஏட்டறிவு என்று நினைக்க வேண்டாம். நாள்பட்ட நிமோனியா வந்த கன்றுக்குத் திரும்பத் திரும்ப வயிறு உப்புவதைப் பார்த்து, நுரையீரலுக்கும் உப்புசத்துக்கும் என்ன தொடர்பு என்று பலர் குழம்புவார்கள். மார்புக்குள் உணவுக்குழாயை ஒட்டி இருக்கும் நிணநீர்க் கட்டிகள் வீங்கி, குழாயையும் அதன்மேல் ஓடும் வேகஸையும் நெருக்குவது அதற்கு ஒரு காரணம். வயிற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்தக் கன்று தேறாது.

வேகஸில் உள்ள நரம்பிழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. வயிறு எவ்வளவு நிரம்பியிருக்கிறது, உள்ளே புளிப்பு எவ்வளவு, சிறுகுடலுக்குக் கொழுப்பு வந்ததா, எங்காவது அழற்சி இருக்கிறதா என்று மூளைக்குச் சொல்வதே இதன் பெரிய வேலை. கட்டளை இறங்கும் இழைகள் மிச்சமுள்ள சிறுபகுதிதான்.

வாயில் தொடங்கும் வேலை

வயிற்றுக்கு உணவு போய்ச் சேரும் முன்பே வேகஸ் வேலையைத் தொடங்கிவிடுகிறது. இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவர் ரஷ்யாவின் இவான் பாவ்லோவ். மணியடித்து நாய்க்கு எச்சில் ஊற வைத்தவர் என்றே அவரைப் பலருக்கும் தெரியும். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்கு. நாயின் உணவுக்குழாயைக் கழுத்தில் திறந்துவிட்டார். நாய் தின்னும் இறைச்சி வயிற்றுக்குப் போகாமல் கழுத்துத் துளை வழியே வெளியே விழும். வயிற்றில் தனியாக ஒரு குழாய். நாய் தின்னத் தொடங்கிய சில நிமிடங்களில் வெறும் வயிற்றிலிருந்து இரைப்பை நீர் வடியத் தொடங்கியது. வேகஸை வெட்டிய பிறகு அதே நாய் அதே ஆசையோடு தின்றது. ஆனால் நீர் சுரக்கவில்லை.

மேலிருந்து வரும் அந்தக் கட்டளையின் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். வயிற்றுச் சுவரில் அது அமிலச் சுரப்பிகளைத் தூண்டும், கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை வெளியிடச் செய்யும், தசையைச் சுருக்கும். தசையைத் தளர்த்தும் வேலையும் வேகஸுக்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. விழுங்கிய கவளம் வந்து சேரும்போது வயிற்றின் மேற்பகுதி இளகி இடம் கொடுக்கிறது. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் இதை 1911இலேயே விவரித்தார். இங்கே அசிட்டைல்கோலினுக்குப் பதில் நைட்ரிக் ஆக்சைடு போன்ற வேறு பொருள்கள் வேலை செய்கின்றன.

இந்த இரண்டு வேலைகளும் ஒரே நரம்பில் இருப்பதால், அதை வெட்டும்போது விளைவு சற்று விசித்திரமாக இருக்கும். மேற்பகுதி இளகாது, ஆகவே நீர் உணவு வேகமாகக் குடலுக்குள் தள்ளப்படும். கீழ்ப்பகுதி திடமாகச் சுருங்காது. ஆகவே கெட்டி உணவு வயிற்றிலேயே தேங்கும். 1943 முதல் லெஸ்டர் டிராக்ஸ்டெட் மனிதர்களுக்கு வயிற்றுப்புண் தீர வேகஸை வெட்டும் அறுவையைப் பரப்பியபோது இந்தச் சிக்கல்தான் எழுந்தது. புண் ஆறியது, வயிறு காலியாகவில்லை. அதனால் வயிற்றின் கீழ்வாயை அகலப்படுத்தும் அறுவையையும் சேர்த்துச் செய்ய வேண்டியதாயிற்று.

‘போதும்’ என்ற செய்தி

வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே வேகஸின் நுனிகள் தட்டையாகப் படர்ந்திருக்கின்றன. சுவர் இழுபட்டால் இவை துடிக்கும். இழுப்பை மட்டும் அறியும் இந்த நுனிகளுக்கு உள்ளே இருப்பது பாலா தண்ணீரா என்று தெரியாது. சத்தைக் கண்டறிவது சிறுகுடலின் வேலை. கொழுப்பும் புரதமும் அங்கே வந்ததும் குடல் உட்சுவரில் உள்ள சில செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை வெளியிடும். பக்கத்திலேயே இருக்கும் வேகஸ் நுனிகளில் அதற்கான ஏற்பிகள் இருக்கின்றன. செய்தி முகுளத்துக்கு ஏறும்; விலங்கு தீனியை நிறுத்தும்.

இதன் கதை இரண்டு கட்டங்களில் தெளிவானது. 1973இல் கிப்ஸ், யங், ஸ்மித் ஆகிய மூவரும் இந்த ஹார்மோனை எலிகளுக்கு ஊசியாகப் போட்டு, அவை வழக்கத்தைவிடக் குறைவாகத் தின்பதைக் காட்டினார்கள். 1981இல், வயிற்றுக்குப் போகும் வேகஸ் கிளைகளை வெட்டிய எலிகளில் அதே ஊசி பலிக்கவில்லை என்று தெரிந்தது. இரத்தம் வழியாக மூளைக்குப் போகும் ஹார்மோன் என்று நினைத்திருந்தது, உண்மையில் பக்கத்து நரம்பின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

பசியைத் தூண்டும் ஹார்மோனும் உண்டு. 1999இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்த கிரெலின், வெறும் வயிற்றில் சுரந்து தீனி வேளைக்கு முன் உயரும். இது மூளையில் நேரடியாகவும் வேலை செய்கிறது. வேகஸ் நுனிகளின் துடிப்பையும் தணிக்கிறது.

ஆரம்பநிலையில் படிப்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. வேகஸ் முடிவு செய்வது ஒரு வேளைத் தீனியின் அளவை. உடல் எடையை அல்ல. எலிகளுக்கு ஒவ்வொரு வேளையும் கோலிசிஸ்டோகைனின் கொடுத்துவந்தால் ஒவ்வொரு வேளையும் குறைவாகத் தின்னும். ஆனால் வேளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். மொத்தத்தில் கணக்கு ஏறத்தாழ சரியாகிவிடும். நீண்டகாலக் கணக்கைப் பார்ப்பது கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் போன்ற வேறு செய்திகள். ‘வேகஸைத் தூண்டினால் எடை குறையும்’ என்று விற்கப்படும் எதையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்ப்பது நல்லது.

காய்ச்சலில் தீனி மறுப்பதிலும் இந்த நரம்புக்குப் பங்கு இருக்கிறது. தொற்று வந்தால் வெளியாகும் அழற்சிப் பொருள்களை வேகஸ் நுனிகள் உணர்ந்து மேலே சொல்கின்றன. இரத்தம் வழியாகவும் அதே செய்தி போவதால் வேகஸை வெட்டினாலும் காய்ச்சல் மாட்டுக்குப் பசி முழுதாகத் திரும்பிவிடாது.

பெருவயிறு எப்படி ஓடுகிறது

வளர்ந்த கறவை மாட்டின் பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். தீனி, தண்ணீர், நுண்ணுயிர் எல்லாம் கலந்து புளிக்கும் இந்தப் பை ஒழுங்காகக் கலக்கப்பட வேண்டும். முதலில் தேன்கூட்டு வயிறு அடுத்தடுத்து இருமுறை சுருங்கும். அந்த அலை பெருவயிற்றின் மேற்பையில் பின்னோக்கி ஓடி, பிறகு கீழ்ப்பைக்கு வரும். இது கலக்கும் சுற்று. ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒன்று. தின்னும்போது இன்னும் வேகமாக. இதற்கு நடுநடுவே, பொதுவாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை, பின்னாலிருந்து முன்னால் ஓடும் இன்னோர் அலை வாயுவைத் தள்ளிக்கொண்டு வந்து ஏப்பமாக விடும். அசை போடும்போது தேன்கூட்டு வயிற்றில் கூடுதலாக ஒரு சுருக்கம் சேர்ந்து, கவளம் மேலே வரும்.

சுற்றின் வேகத்தை ஏற்றி இறக்குபவை கீழிருந்து போகும் செய்திகள். தேன்கூட்டு வயிற்றின் உட்பக்கச் சுவரிலும் பெருவயிற்றின் முன்பகுதியிலும் உள்ள நுனிகள் மிதமான இழுப்பை உணர்ந்தால் அசைவு கூடும். உட்தோலில் உள்ள நுனிகளை நார்த்தீவனம் சொரசொரவென்று உரசினாலும் கூடும். அதனால்தான் நார் குறைந்து மாவுத்தீவனம் மிகுந்தால் மாடு அசை போடுவதும் குறைகிறது. அளவு மீறிய இழுப்பு எதிர்மாறாக வேலை செய்யும்: பை பெரிதாக உப்பினாலும், நான்காம் வயிறு நிறைந்து தேங்கினாலும் அசைவு அடங்கும்.

புளிப்பும் அப்படித்தான். பெருவயிற்றின் பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) பொதுவாக 6க்கும் 7க்கும் இடையில் இருக்கும். சோறும் மாவும் திடீரென்று நிறையப் போனால் லாக்டிக் அமிலம் பெருகி அது 5க்குக் கீழே இறங்கும். உட்தோல் நுனிகள் அமிலத்தை உணர்ந்து செய்தி அனுப்ப, முகுளம் அசைவை நிறுத்திவிடும். பொங்கல் நாளில் அன்போடு பானை பானையாகப் பொங்கல் ஊட்டிய மாடும், கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்ற மாடும் மறுநாள் தீனி எடுக்காமல், வயிற்றில் நீர் தளும்பும் சத்தத்தோடு நிற்பது இதனால்தான். பள்ளத்தில் கை வைத்தால் அசைவே இருக்காது. வாயால் மருந்தைக் கொட்டி ‘அசைவைத் தூண்ட’ முயல்வது இந்த நிலையில் பயன் தராது. அமிலம் அடங்காமல் நரம்பு மறுபடி ஆணையிடாது. நீர்ச்சத்து இழப்பும் சேர்ந்து வருவதால் இது அவசர சிகிச்சைக்குரியது.

வைக்கோலை மட்டும் தின்னும் மாடு ஏன் வேண்டிய சத்தைப் பெறுவதற்குள் நிறுத்திவிடுகிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. 1961இல் இங்கிலாந்தில் கேம்ப்ளிங், பால்ச் இருவரும் மாட்டின் பெருவயிற்றுக்குள் தண்ணீர் நிரப்பிய பைகளை வைத்துப் பார்த்தார்கள். சத்து எதுவும் மாறவில்லை. இடம் மட்டும் குறைந்தது. மாடு குறைவாக வைக்கோல் தின்றது. பை நிறைந்தது என்ற செய்தி போய்விட்டால், சத்து போதவில்லை என்பது எடுபடுவதில்லை. வைக்கோல் சீக்கிரம் செரித்துக் கீழே இறங்கினால்தான் இடம் வரும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்தால் நார் இளகி, மாடு கூடுதலாகத் தின்னும். கொடுக்குமுன் காற்றாட விட்டு அம்மோனியா நெடி போக வேண்டும். 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும், அசை போடாத விலங்குக்கும் இது ஆகாது. யூரியா கரையாமல் கட்டியாக நின்றால் நஞ்சாகும்.

ஏப்பம் நின்றால்

தீனி தின்ற பிறகு பெருவயிற்றில் மணிக்கு 30 முதல் 50 லிட்டர் வரை வாயு உண்டாகலாம். இது வெளியேற ஒரே வாசல் உணவுக்குழாய். அந்த வாசலைச் சுற்றி உள்ள வேகஸ் நுனிகள், அங்கே இருப்பது வாயுவா திரவமா என்று பார்க்கும். திரவமோ நுரையோ மூடியிருந்தால் வாசல் திறக்காது. நுரையும் திரவமும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காக்கும் ஏற்பாடு இது. ஆனால் பச்சைப் பயறுவகைத் தீவனமோ, மிக நைசாக அரைத்த தானியமோ நுரையை உண்டாக்கும்போது இந்தக் காவலே ஆபத்தாகிறது. அங்கே வேண்டியது நுரையை உடைப்பது: 250 முதல் 500 மில்லி சமையல் எண்ணெயை, மாட்டின் தலையை அதிகம் தூக்காமலும் நாக்கை இழுக்காமலும், மெல்ல வாயின் ஓரத்தில் கொடுப்பது முதலுதவி. அவசரப்பட்டு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். நுரையில்லாத வெறும் வாயு என்றால் மருத்துவர் குழாய் விட்டதும் புஸ்ஸென்று இறங்கிவிடும்.

கன்று ஈன்ற பின் பால் காய்ச்சலில் விழுந்த மாட்டை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இரு பக்கமும் வைக்கோல் மூட்டை கொடுத்து உட்கார வைக்கச் சொல்வதற்குக் காரணமும் இதுவே. பக்கவாட்டில் படுத்தால் உணவுக்குழாய் வாசலைத் திரவம் மூடிக்கொள்ளும். கால்சியம் குறைந்து தசையும் தளர்ந்திருப்பதால் உப்புசம் வேகமாக ஏறும். கால்சியம் ஏற்ற மருத்துவர் வருவதற்குள் மூச்சுத் திணறி இறந்துபோன மாடுகள் உண்டு.

கன்றின் பால் வழி

பால் குடிக்கும் கன்றுக்கு நான்கு வயிற்றில் உண்மையில் வேலை செய்வது நான்காவது மட்டும். உணவுக்குழாயிலிருந்து அங்கே போக, தேன்கூட்டு வயிற்றுச் சுவரில் ஒரு பள்ள வாய்க்கால் இருக்கிறது. கன்று சப்பும்போது வாய், தொண்டை நரம்புகள் செய்தி அனுப்ப, வேகஸ் வழியாக ஆணை இறங்கி, வாய்க்காலின் இரு உதடுகளும் சேர்ந்து குழாயாகிவிடும். பால் நேரே நான்காம் வயிற்றில் விழும்.

சப்பும் ஆசை இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு பொய்க்கும். வாயைப் பிளந்து புகட்டினாலும், கழிச்சலில் சோர்ந்திருந்தாலும், நெடுந்தூரம் ஏற்றி வந்த களைப்பில் இருந்தாலும் வாய்க்கால் சரியாக மூடாது. பால் பெருவயிற்றில் விழுந்து புளிக்கும். அந்தக் கன்று வயிறு பெருத்து, முடி சிலிர்த்து, களிமண் போலச் சாணம் போடும். தின்கிறது, ஆனால் தேறவில்லை என்று சொல்லும்படி இருக்கும். பாலை 38, 39 டிகிரி செல்சியஸ் சூட்டில், ரப்பர்க் காம்பு வைத்த பாட்டிலில், வேளை தவறாமல் கொடுப்பதும், குடிக்கத் தொடங்கும் முன் விரலைச் சப்பக் கொடுத்துப் பழக்குவதும் இதற்கு வழி. தரமான பாலைத் தவறான பைக்கு அனுப்புவதைவிடக் கொஞ்சம் பொறுமை மலிவானது.

பிறந்த கன்றுக்குக் குழாய் வழியாகச் சீம்பால் கொடுக்கும்போதும் வாய்க்கால் மூடாது. ஆனாலும் அது கைவிட வேண்டிய முறை இல்லை. அப்போது பெருவயிறு மிகச் சிறியது. உடல் எடையில் 10 சதவீதம், அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், கொடுத்தால் அது நிரம்பி வழிந்து நான்காம் வயிற்றுக்குப் போய்ச் சேரும். ஒரு லிட்டர் மட்டும் குழாயில் விட்டால் அதில் பெரும்பகுதி முன்வயிற்றிலேயே தங்கி, நோய் எதிர்ப்பொருள் குடலை அடையத் தாமதமாகும்.

கம்பி, ஆணி, ஹோஃப்லுண்ட்

1940இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வென் ஹோஃப்லுண்ட், மாடுகளின் வேகஸ் கிளைகளை ஒவ்வொன்றாக வெட்டி, எந்தக் கிளை போனால் எந்த வயிறு தேங்குகிறது என்று பார்த்தார். பண்ணையில் இயல்பாக வரும் ஒரு நாள்பட்ட செரிமானக் கோளாறை அது அப்படியே ஒத்திருந்தது. வேகஸ் அஜீரணம் என்று இன்றும் அதை அழைக்கிறார்கள். ஹோஃப்லுண்ட் நோய்க்குறி என்றாலும் அதுதான்.

பெரும்பாலும் இதற்கு வித்து ஒரு கம்பித்துண்டு. மாடு உதட்டால் பொறுக்கித் தின்னாது. நாக்கால் சுருட்டி விழுங்கும். தீவனத்தில் கலந்த கட்டுக்கம்பி, ஆணி கனமாக இருப்பதால் தேன்கூட்டு வயிற்றில் போய்த் தங்கும். சுருங்கும் ஒவ்வொரு முறையும் அது சுவரைக் குத்தும். சினை முற்றிய மாட்டில் கருப்பை முன்னோக்கித் தள்ளுவதால் குத்து ஆழமாகும். முன்பக்கமாகப் போனால் இதய உறை. அங்கே சீழ் கட்டினால் நெஞ்சுப் பகுதி வீங்கும். உட்பக்கமாகப் போய், இழுப்பை உணரும் நுனிகள் நிறைந்த சுவரில் ஒட்டுத்தழும்பு உண்டாக்கினால் வேகஸ் அஜீரணம். நரம்பே அறுந்துபோவது குறைவு என்றுதான் இப்போது கருதப்படுகிறது. தழும்பு சுவரை விறைப்பாக்குகிறது. நுனிகள் தவறான செய்தி அனுப்புகின்றன. மூன்றாம் வயிற்றுக்குப் போகும் வாசல் சரியாகத் திறப்பதில்லை. கல்லீரல் சீழ்க்கட்டி, நான்காம் வயிறு முறுக்கியதற்குச் செய்த அறுவை, மார்பில் வந்த கட்டி ஆகியவற்றாலும் இது வரலாம்.

அடையாளங்கள் கவனித்தால் பிடிபடும். நாட்கணக்கில் தீனி குறைந்துகொண்டே வரும். சாணம் கொஞ்சமாக, பசை போல. பின்னாலிருந்து பார்த்தால் இடது பக்கம் மேலும் கீழும் உருண்டு, வலது பக்கம் அடியில் மட்டும் பெருத்திருக்கும். குழப்புவது என்னவென்றால், சில மாடுகளில் பெருவயிறு நிற்பதற்குப் பதில் நிமிடத்துக்கு 3 முதல் 5 முறை கூடச் சுருங்கும். ஆனால் ஒவ்வொரு சுருக்கமும் வலுவில்லாதது, கலக்குகிறதே தவிர எதையும் கீழே அனுப்புவதில்லை, உள்ளே எல்லாம் நுரையாகிவிடும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து ‘வயிறு நன்றாக ஓடுகிறது’ என்று முடிவு செய்வது இங்கே தவறு.

சில மாடுகளில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 60க்குக் கீழே இறங்கும். இதயத்தின் வேகத்தைத் தணிப்பதும் வேகஸ்தான். வேகஸின் கட்டளையைத் தடுக்கும் அட்ரோபின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு 15 நிமிடத்தில் துடிப்பு ஏறுகிறதா என்று மருத்துவர் பார்ப்பது அதற்காக. ஏறினால் வேகஸின் கை ஓங்கியிருக்கிறது என்று பொருள். ஆனால் சில நாள் பட்டினி கிடந்த மாட்டுக்கும் துடிப்பு குறைந்து, அட்ரோபினுக்கு ஏறும். எனவே இதை ஒரு துணைச்சான்றாக மட்டும் கொள்ள வேண்டும்.

நோய் முற்றிய பின் சிகிச்சையின் பலன் குறைவு. பெருவயிற்றைத் திறந்து கம்பியை எடுத்தாலும் தழும்பு தழும்புதான். தடுப்பது சுலபம்: கிடேரிக்கு ஒரு வயது வாக்கில், விரல் நீளமுள்ள உருளைக் காந்தம் ஒன்றை வாய்வழியாக விழுங்க வைப்பது. அது தேன்கூட்டு வயிற்றில் ஆயுள் முழுக்கத் தங்கி இரும்பைப் பிடித்துவைக்கும். ஏற்கெனவே காந்தம் இருக்கிறதா என்று அறிய, இடது முழங்கைக்குப் பின்னால் திசைகாட்டியைக் கொண்டுபோனால் முள் திரும்பும். செம்பு, அலுமினியக் கம்பியைக் காந்தம் பிடிக்காது என்பதால், கட்டட வேலை நடக்கும் இடத்தருகே தீவனம் குவிக்காமல் இருப்பதும் அதே அளவு முக்கியம்.

மற்ற விலங்குகளில்

கோழியில் வேகஸ் பழுதானால் தீனிப்பை தொங்கிப்போகும். 1907இல் ஹங்கேரியின் யோசெஃப் மாரெக் விவரித்த மாரெக் நோயில் வைரஸ் நரம்புகளை வீங்க வைக்கிறது. தொடை நரம்பு பாதித்தால் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகக் கோழி விழும்; வேகஸ் பாதித்தால் தீனிப்பை காலியாகாமல் பருத்து, கோழி மெலியும். இறந்த கோழியை அறுத்துப் பார்க்கும்போது கழுத்தின் இரு பக்க நரம்பையும் ஒப்பிட்டால் ஒன்று தடித்து, பளபளப்பு மங்கியிருப்பது தெரியும். தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த நாளிலேயே பொரிப்பகத்தில் போட வேண்டும்.

நாயின் உணவுக்குழாய் தளர்ந்து பையாகிவிடும் நோயில், பிறவியிலேயே வருவதற்கு, குழாயிலிருந்து மேலே போகும் வேகஸ் செய்தி கோளாறாக இருப்பது காரணமாகக் கருதப்படுகிறது. தின்றது வயிற்றுக்குப் போகாமல் அப்படியே திரும்பி வரும். முன்னங்கால்களை உயர்த்தி நிமிர்ந்த நிலையில் தீனி கொடுத்து, பிறகும் 10 முதல் 30 நிமிடம் அப்படியே வைத்திருந்தால் புவியீர்ப்பு அந்த வேலையைச் செய்யும்.

மருந்துகள் தொடும்போது

அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பவை ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள். மருந்தடித்த தீவனத்தைத் தின்றாலோ, உண்ணிக்கு அளவு மீறித் தடவினாலோ வேகஸ் ஓயாமல் கத்துவது போன்ற நிலை உண்டாகும்: எச்சில் ஒழுகும், கழிச்சல், கண்ணில் நீர், கண்மணி சுருங்குதல், இதயத் துடிப்பு குறைதல், மூச்சுத் திணறல். மாற்று மருந்து அட்ரோபின். அது அசிட்டைல்கோலினின் ஏற்பியை அடைத்துவிடும். தடவியதால் வந்தது என்றால், கையுறை போட்டுக்கொண்டு சோப்பு நீரால் மாட்டைக் கழுவுவதை மருத்துவர் வருமுன்பே தொடங்கிவிடலாம்.

அதே அட்ரோபின் வேகஸின் நல்ல கட்டளையையும் தடுக்கும். நஞ்சுக்காகத் திரும்பத் திரும்பப் போட்ட மாட்டில் பெருவயிறு நின்று உப்புசம் வரலாம். குதிரைக்குக் கண்புண்ணுக்காக அட்ரோபின் சொட்டு மருந்தை அடிக்கடி விட்டால்கூடக் குடல் மந்தமாகி வயிற்றுவலி வருவதுண்டு. அதனால் அப்படிச் சிகிச்சை பெறும் குதிரையின் சாணத்தை எண்ணிக் குறித்துவைக்கச் சொல்வார்கள். மாட்டை மயக்கப் பயன்படும் சைலசினும் பெருவயிற்றை நிறுத்தும் மருந்து. அதைப் போடும்முன் மாட்டைப் பட்டினி போடுவதும், போட்ட பின் நெஞ்சு படிய உட்கார வைப்பதும், எழுந்து ஏப்பம் விடும்வரை தீனித்தொட்டிப் பக்கம் விடாமல் இருப்பதும் அதனால்தான்.